விஸ்வேஸ்வரன் போட்ட நட்சத்திரங்கள்

திருத்தணியில் பொழுது சாய்ந்ததும் குடும்பத்தோடு வெளியே போய்ச் சாப்பிட எந்தக் கடை நல்லது என்று போனில் தேடிப் பாருங்கள். எந்தக் கடையைத் தொட்டாலும் அதன் கீழே முதல் ஆளாக வந்து நிற்பவர் விஸ்வேஸ்வரன். நாற்பத்து மூன்று கடைகளுக்கு எழுதியிருக்கிறார். சென்னையிலிருந்து திருப்பதிக்குக் காரில் போகிறவர்கள் கனகம்மாசத்திரம் தாண்டும்போதே இவர் எழுதியதைப் படித்துவிட்டு, ஊருக்குள் நுழைந்ததும் வேறு எதையும் திரும்பிப் பார்க்காமல் இவர் சொன்ன கடை வாசலில் வண்டியை நிறுத்துகிறார்கள். பிறந்ததிலிருந்து இதே ஊரில் தின்று வளர்ந்த நான் ஒரு கடையைச் சொன்னால் "பார்க்கலாம்" என்கிறார்கள். சொல்லிவிட்டு என் கண் முன்னாலேயே போனை எடுத்து அவரைக் கேட்கிறார்கள்.

அவர் எழுதுகிற விதம் அப்படி. சாலையோர டிபன் கடை ஒன்றைப் பற்றி: "இட்லிக்கு அரிசி பழையது, உளுந்து புதியது. சாம்பாரில் பெருங்காயத்தை எண்ணெயில் பொரிக்காமல் தண்ணீரில் கரைத்து விட்டிருக்கிறார்கள். மூன்று நட்சத்திரம்." இன்னொன்று: "நெய் தோசை என்று போர்டு. நெய் அல்ல. இரண்டு நட்சத்திரம்." சித்தூர் ரோட்டில் இருக்கும் ஆந்திரா மெஸ்ஸுக்கு: "கோங்குராத் துவையல் உத்தமம். நல்லெண்ணெய் தாராளம். குழந்தைகளுக்குக் காரம் ஆகாது. நான்கரை போட வழியில்லாததால் நான்கு." ஒரு பிரியாணிக் கடைக்குக்கூட எழுதினார். "இந்தக் கடைக்கு நட்சத்திரம் போட எனக்கு அருகதை இல்லை. ஆனால் புதினா இன்று காலை பறித்தது. மூன்று நட்சத்திரம்." அந்தக் கடைக்காரர் அதைப் பெரிதாக அச்சடித்து, கண்ணாடி போட்டு, கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறார்.

இதில் ஒரே ஒரு சங்கதிதான். நாற்பத்து மூன்று கடைகளில் ஒரு கடையிலும் விஸ்வேஸ்வரன் ஒரு வாய் சாப்பிட்டது கிடையாது. தண்ணீர்கூடக் குடித்தது கிடையாது.

அவர் மலைக்கோயில் மடப்பள்ளியில் சமைக்கிற குடும்பம். தாத்தாவுக்குத் தாத்தா காலத்திலிருந்து சாமிக்குச் சமைக்கிறவர்கள். முறை வருகிற நாட்களில் விடியும் முன் குளித்து, ஈர வேட்டியோடு மேலே போய் அடுப்பு மூட்டுவார். சாமிக்குப் படைக்கும் முன் எதையும் வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. உப்பு, புளி, வெல்லம் எல்லாம் கைக்கணக்கு. அண்டாவைப் பார்த்து, கையைப் பார்த்து அள்ளிப் போடுவார். மலையில் அவர் கை தப்பி நான் பார்த்ததில்லை. அவர் கிளறிய சர்க்கரைப் பொங்கலுக்காகவே மூன்று வருடம் விடாமல் கிருத்திகைக்கு மலை ஏறியிருக்கிறேன். பக்தி என்று வீட்டில் சொல்லிக்கொள்வேன்.

மோந்து பார்ப்பதும் தப்புதான் என்று அவருடைய அப்பா சொல்லியிருக்கிறார். ஆனால் அடுப்புக்கு எதிரில் நின்றால் ஆவி தானாக வந்து மூக்கில் ஏறுகிறது. "நானா போய் மோந்து பாக்கறேன்? அதுவா வரதுடா சேட்டு" என்பார். முப்பது வருடம் அதுவாக வந்து வந்து, அந்த மூக்கு எங்கேயோ போய்விட்டது. என் கடைக்குள் உட்கார்ந்தபடியே, எதிர்வரிசையில் பஜ்ஜி போடுகிறவன் எண்ணெயை எத்தனையாவது நாளாகக் காய்ச்சுகிறான் என்று சொல்லுவார். நான் எழுந்து போய்க் கேட்டால் அவன் முழிப்பான்.

இந்த மனிதரை ஊருக்கு நாட்டாமை ஆக்கியதில் என் பங்கும் உண்டு. நான் சேட்டு. ம.பொ.சி. சாலையில் செல்போன் கடை. ரீசார்ஜ், கவர், ஸ்க்ரீன் கார்டு. இரண்டு வருடத்துக்கு முன் பெங்களூரில் வேலை பார்க்கிற அவர் மகள் ப்ரியா ஒரு புது போன் வாங்கி அனுப்பினாள். அந்தப் பெண் அங்கே மூன்று வேளையும் போனைத் தட்டித்தான் சாப்பிடுகிறாள், அது அப்பாவுக்குத் தெரியாது. போனை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். எல்லாம் போட்டுக் கொடுத்தேன். மேப்பைத் திறந்து காட்டியபோது ஒரு ஓட்டலுக்குக் கீழே எவனோ "சூப்பர் சாம்பார்" என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"என்ன சூப்பரு? நேத்து சாயங்காலம் அந்தப் பக்கமா நடந்து போனேன். பருப்பு அடி பிடிச்சிருக்கு. நீ எழுதுடா."

அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். அப்படி ஆரம்பித்தது. அவருக்குக் கட்டை விரல் தடிமன், ஒன்றை அமுக்கினால் நான்கு எழுத்து விழும், அதனால் இன்றுவரை நாற்பத்து மூன்றையும் தட்டியது நான்தான். "அங்க சாப்பிடலையே சாமி, எழுதலாமா?" என்று முதல் தடவை கேட்டேன். "சாப்பிட்டேன்னு நான் எங்கயாவது எழுதச் சொன்னேனா?" என்றார். திருப்பிப் படித்துப் பார்த்தேன். உண்மைதான், எங்கேயும் சொல்லவில்லை.

முறை இல்லாத நாட்களில் சாயங்காலம் ஏழு மணிக்கு ஸ்கூட்டியில் புறப்படுவார். பின்னால் அகிலாண்டேஸ்வரி மாமி. நல்ல புடவை கட்டி, பூ வைத்து, கைப்பையோடு. பார்க்கிறவர்கள், வயதான காலத்தில் ஜோடியாகச் சாப்பிடக் கிளம்பிவிட்டார்கள் என்று நினைத்துச் சிரிப்பார்கள். ஏதாவது ஓட்டலுக்கு எதிர்ப்பக்கம் வண்டியை நிறுத்துவார். இறங்கி, கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் நிற்பார். மாமி வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார். உள்ளே யார் யாரோ சூடாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு அடுத்த கடை. பிறகு என் கடைக்கு வந்து இவர் தட்டச் சொல்லுவார். பிறகு வீட்டுக்குப் போய் விஸ்வேஸ்வரன் தன் கையாலேயே உப்புமா கிளறுவார். வீட்டிலும் சமையல் அவர்தான். மாமிக்கு அளவு கைவராது என்பது அவருடைய தீர்ப்பு. மாமி அதை எதிர்த்து மேல்முறையீடு செய்ததாகத் தெரியவில்லை.

மடப்பள்ளியில் முறை செய்கிறவர் வெளியில் கை நனைப்பதில்லை என்பது அவர்கள் வழக்கம். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மாமிக்கு அப்படி எந்த முறையும் கிடையாது. மாமியின் அப்பா அரக்கோணத்தில் ரயில்வே கிளார்க். சம்பள நாள் சாயங்காலம் குடும்பத்தையே ஓட்டலுக்குக் கூட்டிப் போவாராம். மசால் தோசை, பாதாம் அல்வா, கடைசியில் ஒரு காபியை இரண்டாகப் பிரித்து. மாமி அதைச் சொல்லும்போது எந்த மேசை, எந்த மின்விசிறிக்குக் கீழே என்பதுவரை சொல்லுவார். கல்யாணம் ஆகித் திருத்தணிக்கு வந்த பிறகு கணவருக்கு இருந்த விலக்கு மனைவிக்கும் ஒட்டிக்கொண்டது. யாரும் கூடாது என்று சொன்னதில்லை. வா என்றும் கூப்பிட்டதில்லை.

போன ஆடி மாதம் அரக்கோணம் ரோட்டில், பஞ்சர் கடைக்குப் பக்கத்தில், கனிமொழி பீட்ஸா கடை திறந்தாள். பள்ளிப்பட்டுப் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண். சென்னையில் ஒரு பெரிய பீட்ஸா கடைச் சமையலறையில் ஆறு வருடம் மாவு பிசைந்துவிட்டு, சொந்தமாகச் செய்யலாம் என்று இங்கே வந்தவள். நான்கு மேசை, ஒரு அடுப்பு. மலைக்கு வருகிறவர்கள் தயங்காமல் உள்ளே வர வேண்டும் என்பதற்காக முட்டைகூடச் சேர்க்காத சுத்த சைவம் என்று போர்டு எழுதி, அதில் ஒரு வேல் படமும் போட்டிருந்தாள். முதல் இரண்டு வாரம் நல்ல கூட்டம். நானும் என் பிள்ளைகளோடு போய்ச் சாப்பிட்டேன். எனக்குப் பிடித்தது. என் பேச்சை யார் கேட்கிறார்கள்.

ஒரு நாள் சாயங்காலம் விஸ்வேஸ்வரனும் மாமியும் அந்தக் கடைக்கு எதிரில் நின்றுவிட்டு என்னிடம் வந்தார்கள். வந்ததிலிருந்து மாமி முகம் வேறு மாதிரி இருந்தது.

"கண்ணாடி வழியா பாத்தேன் சேட்டு. ஒரு பொண்ணு ஒரு துண்டை எடுத்தா. அது நூல் நூலா நீண்டுண்டே வரது. அவ அம்மா விரலால அறுத்து விடறா. எல்லாரும் சிரிக்கறா."

"அது சீஸ் மாமி."

"தெரியும்டா." பிறகு கணவர் பக்கம் திரும்பினார். "ஏன்னா, ஆவணி வந்தா நமக்குக் கல்யாணம் ஆகி இருபத்தஞ்சு வருஷம். எனக்குப் புடவை வேண்டாம். அந்தக் கடையில நாற்காலியில உக்காந்து, சூடா ஒண்ணு சாப்பிடணும். ஒரே ஒரு நாள்."

"பாக்கலாம்" என்றார் விஸ்வேஸ்வரன்.

மாமி கைப்பையை எடுத்துக்கொண்டார். வண்டியில் போய் உட்கார்ந்துகொண்டார். இவர் என் பக்கம் குனிந்து, "எழுதிக்கோ" என்றார்.

"மாவு கெட்டு நுரைத்த வாடை. மேலே பால் திரிந்த வாடை. ஒரு நட்சத்திரம். பக்தர்கள் தவிர்க்கவும்."

"சாமி, பீட்ஸா மாவு அப்டித்தான் இருக்கும். ராத்திரியெல்லாம் ஊற வெச்சுப் பொங்க வெக்கிறாங்க. நம்ம தோசை மாவு புளிக்கலியா?"

"தோசை மாவு புளிக்கறது பக்குவம். இது கேடு."

"பக்கத்துல பஞ்சர் கடை வேற இருக்குது. சொல்யூஷன் வாடையா இருக்கப் போவுது."

"ரப்பருக்கும் மாவுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா? எழுதுடா."

எழுதினேன். அந்த ஒரு நட்சத்திரம் மாவுக்குப் போட்டதா, மாமி கேட்டதற்குப் போட்டதா என்று எனக்கு அப்போதே சந்தேகம். கடை சரியில்லை என்று ஊருக்கே சொல்லியாகிவிட்டால் உள்ளே போக வேண்டிய அவசியம் தீர்ந்துபோகிறது அல்லவா. மறுநாள் மாமியிடம் அதைத்தான் சொன்னார் என்று பிறகு தெரிந்தது. "பாத்தியா, ஒரு நட்சத்திரம். அங்க போய் என்ன சாப்பிடறது?" தானே போட்டுவிட்டுத் தானே ஆதாரமாகக் காட்டுகிற சாமர்த்தியம் எல்லாருக்கும் வாய்க்காது. தட்டியவன் நான் என்பதால் கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியாமல், அன்றைக்கு வந்த இரண்டு வாடிக்கையாளர்மேல் காட்டினேன்.

பத்து நாளில் கனிமொழி கடை காற்று வாங்கியது. திருப்பதி போகிற கார்கள் கடைக்கு முன்னால் வேகம் குறைத்து, போனைப் பார்த்து, மறுபடி வேகம் எடுத்துப் போனதைப் பஞ்சர் கடைக்காரர் சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டார்.

கனிமொழி நேராக என் கடைக்கு வந்தாள். விஸ்வேஸ்வரன் யார் என்று விசாரிக்க அவளுக்கு அரை மணி நேரம் போதும், ஊர் அவ்வளவுதான். அன்றைக்கு சாயங்காலம் அவர் என் கடையில் போனுக்குச் சார்ஜ் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். மாமி பக்கத்து ஸ்டூலில். கனிமொழி ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். முழங்கைவரை மாவு ஒட்டியிருந்தது.

"சாமி, நீங்கதான விஸ்வேஸ்வரன்?"

"ஆமாம்மா."

"என்னிக்கு நம்ம கடைக்கு வந்தீங்க? இன்னா சாப்ட்டீங்க? நாலு டேபிளுதான், யார் யார் எங்க குந்துனாங்கன்னு எனக்கு நெனப்பு இருக்குது. உங்க மொகம் மட்டும் நெனப்புல வர மாட்டேங்குது."

விஸ்வேஸ்வரன் சார்ஜ் ஏறுகிற போனை எட்டிப் பார்த்தார். நான் ஒரு டப்பா ஸ்க்ரீன் கார்டை எடுத்து, அடுக்கி வைத்திருந்ததை மறுபடி அடுக்க ஆரம்பித்தேன்.

"அவர் உள்ள வரலைம்மா" என்றார் மாமி. "ரோட்ல நின்னார்."

"ரோட்ல நின்னு?"

"மோந்து பார்த்தார்."

கனிமொழி கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கத்தியிருந்தால் எங்கள் இருவருக்கும் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். அவள் நிதானமாகப் பேசினாள்.

"எங்க நைனாவும் மூட்டைய மோந்து பாப்பாரு சாமி. ஆனா அரிசிய ஆக்கித் தின்னு பாக்காம ஒருத்தன் நெல்ல மோசம்னு சொன்னதில்ல. நீங்க ஒரே ஒரு வாட்டி வந்து சாப்பிடுங்க. சாப்ட்டுட்டு அதே ஒரு ஸ்டார போடுங்க. நான் ஒரு வார்த்த கேக்க மாட்டேன்."

"முடியாதும்மா. மலையில முறை செய்யறவன் நான். வெளியில கை நனைக்கறதில்லை."

"எந்தக் கடையிலயுமா?"

"எந்தக் கடையிலயும்."

நாற்பத்து மூன்று கடைக்குத் தீர்ப்பு எழுதிய மனிதர் அதைச் சொன்னபோது குரல் அவருக்கே கேட்காத மாதிரி இருந்தது. கனிமொழி என்னைப் பார்த்தாள். நான் ஸ்க்ரீன் கார்டைப் பார்த்தேன்.

அப்போது மாமி எழுந்து நின்றார்.

"அவரால வர முடியாது. நான் வரேன்."

"நீயா?" என்றார் விஸ்வேஸ்வரன்.

"ஆமாம். எனக்கு ஏதுன்னா முறை? நானா மலையில சமைக்கறேன்? இருபத்தஞ்சு வருஷமா உங்க பின்னால வண்டியில உக்காந்துண்டு, ஊர்ல இருக்கற அத்தனை ஓட்டலையும் வெளியிலேர்ந்து பாத்தாச்சு. ஏம்மா, வர வெள்ளிக்கிழமை கடை உண்டா?"

"ஆங், உண்டும்மா. பூண்டு, வெங்காயம் எதுவும் போடாம செஞ்சு குடுக்கறேன்."

"வெங்காயம் போடு" என்றார் மாமி.

கனிமொழி போன பிறகு விஸ்வேஸ்வரன் சார்ஜ் வயரைப் பிடுங்கி மெதுவாகச் சுருட்டினார். பிறகு, "சேட்டு, அந்த ஒரு நட்சத்திரத்தை எடுத்துடு" என்றார். எடுத்தேன். அவ்வளவு வேகமாக நான் எதையும் தட்டியதில்லை. ஆனால் வெள்ளிக்கிழமையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வியாழக்கிழமை வந்தபோதும் பேசவில்லை. மாமியைத் தடுக்கப் போகிறார், தலைவலி என்றோ நாள் சரியில்லை என்றோ சொல்லி இதை முடித்துவிடப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். மாமி அப்படி ஏமாந்துபோய் வீட்டில் உட்கார்ந்திருப்பதை நினைக்கவே எனக்கு ஆத்திரமாக வந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வண்டி என் கடை வாசலில் நின்றது. அவர் சலவை வேட்டி கட்டியிருந்தார். மாமி மாம்பழ நிறத்தில் பட்டுப்புடவை. "நீயும் வாடா" என்றார் விஸ்வேஸ்வரன் என்னிடம். பீட்ஸா கடைக்கு வெளியே தனியாக நிற்க அவருக்குக் கூச்சம் என்று புரிந்தது. கடையைப் பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு என் வண்டியில் பின்னாலேயே போனேன்.

மாமி தனியாகப் படி ஏறினார். வாசலில் ஒரு நிமிடம் நின்று, கதவை இழுப்பதா தள்ளுவதா என்று பார்த்தார். கனிமொழி ஓடி வந்து கதவை அகலத் திறந்து, திறந்தபடியே ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்தாள். மாமி நான்கு மேசையையும் பார்த்துவிட்டு மின்விசிறிக்கு நேர் கீழே இருந்த மேசையைத் தேர்ந்தெடுத்தார். நாங்கள் இருவரும் பஞ்சர் கடை டயர் அடுக்குக்குப் பக்கத்தில் நின்றோம். உள்ளே பேசுவது தெளிவாகக் கேட்டது. விஸ்வேஸ்வரன் பழக்கம் போலக் கண்ணை மூடவில்லை.

பீட்ஸா வந்தது. தக்காளி, குடைமிளகாய், சோளம், பன்னீர், கேட்டபடி வெங்காயம். மாமி ஒரு துண்டைப் பிரித்து எடுத்தார். நூல் நூலாக நீண்டது. இன்னொரு கை விரலால் அதைச் சுற்றி அறுத்துவிட்டு, எங்களைப் பார்த்து லேசாகச் சிரித்தார். வாயில் வைத்தார். மென்று முடிக்கிறவரை விஸ்வேஸ்வரன் மூச்சு விட்டாரா என்று எனக்குச் சந்தேகம்.

கனிமொழி கையைத் துடைத்துக்கொண்டே மேசைக்கு வந்து நின்றாள். எல்லா மேசையிலும் அவள் கேட்கிற கேள்விதான். என்னிடமும் கேட்டிருக்கிறாள்.

"எப்டிம்மா இருக்குது?"

மாமி நிமிர்ந்து பார்த்தார். கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது.

"காரமாம்மா? தண்ணி தரட்டுமா?"

"இல்லைடி பொண்ணே. என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை, அதான்." முந்தானையால் துடைத்துக்கொண்டார். "நன்னா இருக்கு. உப்பு சரியா இருக்கு. உப்பு சரியா இருந்தா சாப்பாடு இப்படி இருக்கும்னே மறந்து போயிருந்தேன்."

விஸ்வேஸ்வரன் என் பக்கம் திரும்பினார். "என்ன சொல்றா அவ?"

"உங்களுக்கும் கேட்டுச்சு சாமி."

அவர் டயர் அடுக்கைத் தாண்டி, படி ஏறி, திறந்திருந்த கதவின் நடுவில் போய் நின்றார். நானும் பின்னால் போனேன். மாமி இரண்டாவது துண்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஏன், ஆத்துல உப்பு சரியில்லையா?"

"ஜாஸ்தி" என்றார் மாமி.

"என்னிக்கு?"

"கல்யாணம் ஆன மறுநாள்லேர்ந்து."

அவர் தன் வலது கையை விரித்துப் பார்த்தார். அண்டா அண்டாவாகச் சமைத்துப் பழகிய கை. இரண்டு பேருக்கு வைக்கிற ரசத்துக்கு அந்தக் கை எவ்வளவு சுருங்கினாலும் நான்கு பேருக்கான உப்பு விழும். அவர் அப்பாவுக்கும் அதே கை, பிறந்ததிலிருந்து அந்த உப்பையே தின்றவருக்கு அதுதான் அளவு. வீட்டில் வாயில் வைத்துப் பார்க்கிற வழக்கமும் கிடையாது, பரிமாறிவிட்டு முகத்தைப் பார்க்கிற வழக்கமும் கிடையாது. மலையில் படைத்ததற்கு யாரும் பதில் சொல்வதில்லை, அந்தப் பழக்கத்திலேயே வீட்டிலும் இருந்துவிட்டார். நானே அவர் வீட்டில் இரண்டு முறை சாப்பிட்டிருக்கிறேன். மடப்பள்ளிக் கை என்று பயபக்தியோடு, இரண்டு சொம்பு தண்ணீரைக் குடித்து விழுங்கி, பிரமாதம் சாமி என்று சொல்லிவிட்டு வந்தவன் நான்.

"ஏன்டி சொல்லலை?" என்றார். கோபமாகக் கேட்க நினைத்திருப்பார். அப்படி வரவில்லை.

"நீங்க எங்கே கேட்டேள்?"

மாமி அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. சாப்பிட்டுக்கொண்டே, மணி என்ன என்று கேட்டவருக்குப் பதில் சொல்வது போலச் சொன்னார். உள்ளே போவதா வெளியே போவதா என்று தெரியாமல் நின்ற அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, நன்றாக வேண்டும் என்றும் இருந்தது.

கனிமொழி எதிரில் இருந்த நாற்காலியைக் கொஞ்சம் இழுத்துப் போட்டுவிட்டு அடுப்புப் பக்கம் போய்விட்டாள். விஸ்வேஸ்வரன் அந்த நாற்காலியைப் பார்த்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பீட்ஸா கடைக்குச் செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. உட்கார்ந்தார். எதையும் தொடாமல் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். மாமி மூன்றாவது துண்டைப் பிரித்தார்.

அவர் தட்டைப் பார்த்தார், மாமியின் முகத்தைப் பார்த்தார், தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எப்படி இருக்கு?"

"இருங்கோ" என்றார் மாமி. "சாப்பிட்டுட்டு சொல்றேன்."